நாய் உங்களுடையது என்றால் கடியும் உங்களுடையதுதான்

சென்ற மாதம் பழைய சன்டே மார்க்கெட் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் தொலைபேசியில் பேசினீர்கள். இந்த முறை எழுதப்போவது அவ்வளவு இனிமையான விஷயம் அல்ல. நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலருக்குக் கோபம்கூட வரலாம். வரட்டும். நானும் முப்பது வருஷம் நாய் வளர்த்தவன்தான்.

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவுக்குக் காலையில் பூ கொண்டு வரும் அம்மாவை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். சென்ற வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு நாள், நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டில் கேட்டைத் திறந்து வைத்துக் கார் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு லாப்ரடார் வெளியே வந்து அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. பூக்கூடை தெருவில் கவிழ்ந்தது. சத்தம் கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ காயத்தில் மஞ்சள்தூளை அப்பியிருந்தார்கள். அதையெல்லாம் கழுவச் சொல்லி, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தேன். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் முதல் மருந்து. இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்தானே, போட்டுக்கோம்மா. நம்ம நாய் ஒண்ணும் பண்ணாது. இன்னிக்கு ஏன் இப்படிப் பண்ணிச்சுன்னு தெரியல."

ஊசி இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு எழுத்தனாக வேலை பார்த்தவன் என்பதால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காயம் ஆழமாக இருந்ததால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டியிருந்தது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். நாய்க்கடிக் காயத்தைக் கூடுமானவரை உடனே தைக்க மாட்டார்கள் என்பதால் கட்டு மாற்றத் தனியாகப் போக வேண்டும். மார்கழி மாதம்தான் பூ வியாபாரத்துக்கு நல்ல மாதம். பத்தொன்பது நாள் அவரால் கூடை தூக்க முடியவில்லை. அந்தப் பத்தொன்பது நாள் வருமானத்தை எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகக் கொடுக்காது. ஐந்நூறு ரூபாய் ஆட்டோவுக்கே போதவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயம் மனதில் குடைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு பழைய காரணங்களும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஒரு நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். இளைய வாசகர்களுக்காக: பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பத்திரம், உயில், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் எழுதிப் பதிந்து வைப்பவர் நொத்தேர். அப்பாவுக்குக் கோத் சிவில் ஏறக்குறைய மனப்பாடம். 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த அந்தச் சிவில் சட்டம் 1819-ல் புதுச்சேரிக்கும் வந்தது. அதில் 1385 என்று ஒரு பிரிவு. ஒரு மிருகத்தின் சொந்தக்காரர், அல்லது அதை அப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவர், அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பாளி. அது அவர் காவலில் இருந்தாலும் சரி, வழிதவறியிருந்தாலும் சரி, தப்பித்து ஓடியிருந்தாலும் சரி. இதுதான் சாரம். கயிறு அறுந்துவிட்டது, கேட்டு திறந்திருந்தது, வேலைக்காரப் பையன் கவனிக்கவில்லை என்ற எந்தச் சாக்கும் உதவாது. 2016-ல் பிரான்சில் சட்டத்தைத் திருத்தி எண்களை மாற்றினார்கள். இப்போது அது 1243. எண்தான் மாறியது, விதி மாறவில்லை.

1959-ல் எனக்குப் பத்து வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாயின் பெயர் மெதோர். பாடப்புத்தகத்தில் வரும் நாய்க்கெல்லாம் அந்தப் பெயர்தான், அதனால் நான் வைத்தது. அது ஒரு நாள் பால்காரர் மகனின் கையைக் கடித்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்த அப்பா விசாரணை எதுவும் வைக்கவில்லை. பையன் சீண்டினானா, கல் எறிந்தானா என்று கேட்கவில்லை. "மில் த்ருவா சான் கத்ர-வேன்-சேங்க்" என்று மட்டும் முணுமுணுத்தார். ஏதோ லாட்டரி நம்பர் என்று நினைத்தேன். பிறகுதான் அது 1385 என்று புரிந்தது.

அந்தக் காலத்து ஊசி உங்களுக்கு நினைவிருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பதினான்கு நாளும் அப்பாவே அந்தப் பையனை ரிக்‌ஷாவில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார். பால்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்குக்கூட மனத்தாங்கல்தான், ரிக்‌ஷா செலவு மாதச் சம்பளத்தில் இடித்தது. அப்பா கேட்கவில்லை. "நாய் நம்முடையது" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அப்போது பள்ளியில் லூயி பாஸ்டர் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1885 ஜூலை 6-ஆம் தேதி, அல்சாஸ் பகுதியிலிருந்து ழோசெப் மெய்ஸ்தேர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் கடித்த நிலையில் பாரிஸுக்குக் கொண்டு வந்தார்கள். உடம்பில் பதினான்கு காயங்கள். பாஸ்டரின் தடுப்பு மருந்து அவனுக்குப் பதின்மூன்று தடவை போடப்பட்டது, பையன் பிழைத்தான். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பையனோடும் அவன் அம்மாவோடும் மூன்றாவதாக ஒருவர் பாரிஸ் வந்தார். அவர்தான் நாயின் சொந்தக்காரர், ஒரு மளிகைக் கடைக்காரர். அவர் மேலும் நாய் பாய்ந்திருந்தது. பல் தோலில் இறங்கவில்லை என்று பார்த்துப் பாஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சொந்த பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் கூடவே போனார். அப்பாவும் நானும் இந்தக் கதையைப் பேசும்போதெல்லாம் அப்பா அந்த மளிகைக்காரரைத்தான் குறிப்பிடுவார்.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிறந்த நான் என்ன செய்தேன்? இதை இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1987. நான் யு.டி.சி. ஆகியிருந்த சமயம். வீட்டில் ராஜா என்று ஒரு நாய். பந்து எடுக்க மதில் ஏறி உள்ளே குதித்த ஒரு பையனை அது கடித்துவிட்டது. சாயங்காலம் அவன் தகப்பனார் வந்தார். பஞ்சாலைத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் கேட்டில் தொங்கிய "நாய்கள் ஜாக்கிரதை" பலகையைக் காட்டினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "தப்புதான் சார், பையன் உள்ள வந்திருக்கக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருக்கீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்த வருஷம் நான் போடவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். "போட்டிருக்கேன்" என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பத்து நாளும் நான் தூங்கவில்லை. ராஜா சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடித்த நாய் பத்து நாள் ஆரோக்கியமாக இருந்துவிட்டால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வார்த்தையை நம்பி அவர்கள் ஊசி போடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. வெறிநோய் அறிகுறி ஒரு தடவை தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஒரு பிள்ளையின் உயிரை வைத்து நான் பொய் சொன்னேன். எதற்காக? ஆஸ்பத்திரிச் செலவு, அலைச்சல், போலீஸ், தெருவில் கெட்ட பெயர். இவ்வளவுதான்.

நான் கெட்டவன் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். லாப்ரடார் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இது மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி விட்டுவிடுகிற விஷயம் இல்லை. அதற்குச் சட்டம் வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, மிருகத்தை வைத்திருப்பவர் அதனால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அசட்டையாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 289-வது பிரிவு. அதில் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது அமலில் இருந்தது அந்த 1,000 ரூபாய்ச் சட்டம்தான்.

இதில் ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை என்னவென்றால், அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. நீதிமன்றம் மனது வைத்தால் அதில் ஒரு பகுதியைக் கடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். நஷ்டஈடு வேண்டுமானால் அவர் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டும். அதிலும் நம் நீதிமன்றங்கள் பின்பற்றி வந்தது ஆங்கிலேயர்களின் பொதுச் சட்டம். அதன் பழைய கொள்கைப்படி, நாய் போன்ற வீட்டு மிருகம் கடிக்கும் குணமுள்ளது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல சார்" என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல, ஒரு எதிர்வாதம். இங்கிலாந்தே 1971-ல் மிருகங்கள் சட்டம் கொண்டுவந்து அந்தப் பழைய கொள்கையை மாற்றி எழுதிக்கொண்டது. பூக்கார அம்மா வக்கீல் வைத்து இதையெல்லாம் நிரூபிப்பாரா?

அவருடைய காலைக் கடித்தது தெருநாயாக இருந்திருந்தால்கூட நிலைமை தேவலை என்று சில சமயம் தோன்றுகிறது. 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், தெருநாய்க் கடிக்கு ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு, அரசே கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2025 ஆகஸ்டில் டில்லி தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டு, பதினோரு நாளில் அதைத் திருத்தியும் போட்டது. நாடு முழுக்க அதுதான் பேச்சு. சொந்தக்காரன் இல்லாத நாய்க்கு இவ்வளவு பேர் பொறுப்பு ஏற்க யோசிக்கிறார்கள். சொந்தக்காரன் உள்ள நாய்க்குப் பொறுப்பு ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடுகிறது.

பிரான்சில் என்ன செய்கிறார்கள்? 1999 ஜனவரியில் வந்த சட்டம் ஆபத்தான நாய்களை இரண்டு வகையாகப் பிரித்தது. பிட்புல் மாதிரியான தாக்கும் நாய்கள் முதல் வகை. ராட்வைலர் போன்ற காவல் நாய்கள் இரண்டாம் வகை. இவற்றை வைத்திருப்பவர் மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2008-ல் இன்னும் இறுக்கினார்கள். உரிமையாளர் பயிற்சி பெற வேண்டும், நாயின் குணத்தைக் கால்நடை மருத்துவர் மதிப்பிட வேண்டும், மேர், அதாவது நகரசபைத் தலைவர், அனுமதி கொடுக்க வேண்டும். சாதாரண நாய் வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக் காப்பீட்டிலேயே பெரும்பாலும் இந்தப் பொறுப்பும் அடங்கிவிடும். எந்த நாயானாலும் ஒரு மனிதரைக் கடித்துவிட்டால் நகரசபைக்குத் தெரிவிக்க வேண்டும். நாயைப் பதினைந்து நாள் கண்காணிப்பில் வைத்து மூன்று தடவை கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1987-ல் இப்படி ஒரு விதி இங்கே இருந்திருந்தால் என் பொய்க்கு இடமே இருந்திருக்காது. அந்தத் தகப்பனார் என் வாயை நம்ப வேண்டியதில்லை, காகிதத்தைப் பார்த்திருப்பார்.

நம் நாட்டிலும் நாய்க்குக் காப்பீடு விற்கிறார்கள். ஆனால் விவரத்தைப் படித்துப் பார்த்தால் முக்கியமாக இருப்பது நாய் செத்தால் பணம், நாய்க்கு நோய் வந்தால் பணம், நாய் திருட்டுப்போனால் பணம். அடுத்தவரைக் கடித்தால் தரும் மூன்றாம் நபர் பொறுப்பு சில பாலிசிகளில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு பழைய ஸ்கூட்டரைத் தெருவில் ஓட்ட வேண்டுமானால் மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். என் வண்டியின் விலை பத்தாயிரம்கூடப் பெறாது. ஆனாலும் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் அது எனக்காக அல்ல, நான் இடிக்கப்போகிறவருக்காக. நாற்பது கிலோ எடையும் பல்லும் உள்ள ஒரு பிராணிக்கு அது வேண்டாமா?

மறுப்புகள் எனக்குத் தெரியும். "காப்பீடு இருந்தால் நாய்க்காரன் அசட்டையாகிவிடுவான்" என்பார்கள். நேர்மாறாக நடக்கும் என்பது என் எண்ணம். பணம் தன் பையிலிருந்து போகாது என்று தெரிந்தவனுக்குப் பொய் சொல்லும் அவசியம் குறைகிறது. கடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகவும் தயக்கம் குறைகிறது. 1987-ல் என்னைப் பொய் சொல்ல வைத்ததில் பாதி, செலவைப் பற்றிய பயம்.

"ஏழைகள் வீட்டு வாசலில் ஒரு நாட்டு நாயை வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு ஏன் தண்டச் செலவு?" இது நியாயமான கேள்வி. தடுப்பூசி போட்டுப் பதிவு செய்த நாய்க்குப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து நகராட்சியே மொத்தமாகக் காப்பீடு எடுக்கலாம். அரசாங்க ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு இப்படித்தான் சம்பளத்தில் சிறு தொகை பிடித்து நடக்கிறது. பெரிய ஜாதி நாய், பெரிய பங்களா என்றால் அதற்கேற்ற தொகையைக் கட்டட்டும்.

"இந்த ஜாதி நாயைத் தடை செய், அந்த ஜாதி நாயைத் தடை செய்" என்று நான் கேட்கவில்லை. பூக்கார அம்மாவைக் கடித்தது குழந்தைகளோடு விளையாடும் நாய் என்று எல்லோரும் சொல்லும் லாப்ரடார்தான். நான் கேட்பது மூன்று. ஒன்று, வருஷா வருஷம் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினால்தான் பதிவு. இரண்டு, பதிவோடு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மூன்று, கடித்தால் அன்றே தகவல் கொடுத்து, சான்றிதழின் நகலைக் கடிபட்டவர் கையில் கொடுத்து, நாயைப் பத்து நாள் மருத்துவர் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இதில் ஒன்றும் புரட்சி இல்லை. ஒரு பதிவேடு, ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு நல்ல எழுத்தர் போதும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. படிக்கும் உங்களில் நாய் வளர்ப்பவர்கள் இன்று எழுந்து போய் அந்தத் தடுப்பூசிச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் நாளைக்கே போய்ப் போடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டவன்.

அந்தப் பஞ்சாலைத் தொழிலாளியின் பையனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். தகப்பனார் இருக்கிறாரா என்று தெரியவில்லை. பூக்கார அம்மா மறுபடியும் வருகிறார். ஆனால் அந்த வீட்டைத் தாண்டி வருவதில்லை, தெருமுனையிலேயே நின்று குரல் கொடுக்கிறார். முழங்கால் வலியோடு என் மனைவி தெருமுனை வரை நடந்து போய்ப் பூ வாங்கி வருகிறாள். அந்த லாப்ரடார் கேட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்து வாலாட்டுகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.